காற்றில் எத்தனை நொடி?

1972 ஏப்ரல் 21. நிலவின் டெஸ்கார்ட்ஸ் மேட்டுநிலம். அப்பல்லோ 16 பயணத்தின் தலைவர் ஜான் யங், நட்டுவைத்த கொடிக்கு அருகே நின்று சல்யூட் அடித்தபடியே எம்பிக் குதித்தார். எதிரில் நின்ற சார்லஸ் டியூக் அதைப் புகைப்படம் எடுத்தார். நிலவூர்தியில் பொருத்தியிருந்த தொலைக்காட்சிக் கேமரா அதே காட்சியைப் பூமிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யங் இரண்டு முறை குதித்தார்.

எவ்வளவு உயரம் எழும்பினார்? அங்கே சுவர் இல்லை. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆளும் இல்லை. ஆனால் ஒளிப்பதிவு இருக்கிறது. அதை மெல்ல ஓட்டிப் பார்த்தால், முதல் குதியில் அவருடைய காலணி மண்ணை விட்டதற்கும் மறுபடி மண்ணைத் தொட்டதற்கும் இடையே ஏறக்குறைய 1.45 நொடி கழிந்திருப்பது தெரியும். நிலவில் விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் 1.62 மீட்டர் வீதம் கூடும். இந்த இரண்டு எண்களும் போதும். மண்ணை விட்ட கணத்தில் யங்கின் வேகம் நொடிக்கு 1.17 மீட்டர். அவர் எழும்பிய உயரம் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர். அதே வேகத்தோடு பூமியில் எழும்பியிருந்தால் 7 சென்டிமீட்டரோடு முடிந்திருக்கும். முழங்காலை எளிதில் மடக்கவிடாத விண்வெளி உடையும் முதுகில் சுமையுமாக ஒருவர் குதித்த குதி அது.

இந்தக் கணக்கில் உயரத்தை யாரும் அளக்கவே இல்லை. அளந்தது நேரத்தை, உயரம் அதிலிருந்து தானாக வந்தது. இன்று ஒரு பயிற்சியாளர் கைபேசியைத் தரையோரமாகச் சாய்த்து வைத்துத் தன் மாணவி எம்புவதைப் படம்பிடிக்கும்போதும் நடப்பது இதுதான். கேமராவை ஒரு கண் என்று நினைத்துக்கொள்வது நம் வழக்கம். எம்பு உயரத்தை அளக்கும் வேலையில் அது முதலில் ஒரு கடிகாரம்.

நேரத்திலிருந்து உயரம்

கால் தரையை விட்ட பிறகு, குதித்தவர் என்ன செய்தாலும் இனி எட்டப்போகும் உயரத்தை மாற்ற முடியாது. கையை வீசலாம், காலை மடக்கலாம், உடலை முறுக்கலாம். உடலின் நிறை மையம் போகும் பாதை, தரையை விட்ட அந்தக் கணத்திலேயே முடிவாகிவிட்டது. மேலே போகப் போக அதன் வேகம் நொடிக்கு 9.81 மீட்டர் வீதம் குறைகிறது. உச்சியில் வேகம் பூச்சியம். பிறகு அதே வீதத்தில் வேகம் கூடிக்கொண்டே இறங்குகிறது. தரையை விட்டபோது நிறை மையம் இருந்த அதே உயரத்தில்தான் தரையைத் தொடும்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் சமம். காற்றில் இருந்த மொத்த நேரத்தில் பாதி, உச்சியிலிருந்து விழ ஆன நேரம். ஒரு பொருள் குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு தூரம் விழும் என்பது பள்ளிப் பாடக் கணக்கு.

அந்தக் கணக்கைச் சுருக்கினால் இரண்டே பெருக்கலில் வந்து நிற்கிறது. காற்றில் இருந்த நேரத்தை நொடியில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வந்ததை 122.6 ஆல் பெருக்குங்கள். விடை சென்டிமீட்டரில் உயரம். அரை நொடி காற்றில் இருந்தவர் 30.7 சென்டிமீட்டர் எழும்பியிருக்கிறார். 0.6 நொடி என்றால் 44 சென்டிமீட்டர், 0.7 என்றால் 60, 0.8 என்றால் 78. முழு ஒரு நொடி காற்றில் இருக்க வேண்டுமானால் 1.23 மீட்டர் எழும்ப வேண்டும்.

உடல் எடை இந்தக் கணக்குக்குள் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 45 கிலோ பெண்ணும் 110 கிலோ ஆணும் ஒரே நேரம் காற்றில் இருந்தால் இருவரும் எழும்பியது ஒரே உயரம். இந்த வேகத்தில் காற்றின் தடையையும் விட்டுவிடலாம். ஈர்ப்பு ஊருக்கு ஊர் சற்றே மாறுமே என்றால், மாறும்; நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னையில் அது 9.81 இல்லை, ஏறக்குறைய 9.783. ஆனால் 44 சென்டிமீட்டர் குதியில் இதனால் வரும் வேறுபாடு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன.

அதற்கு முன்னால், இந்தச் சிறிய கணக்கு ஒரு பெரிய மயக்கத்தைத் தீர்த்துவைப்பதைச் சொல்லியாக வேண்டும். நல்ல கூடைப்பந்து வீரர்கள் கூடைக்கு முன்னால் காற்றில் ‘நின்று’ விடுகிறார்கள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். 1988 பிப்ரவரியில் சிகாகோவில் நடந்த ஸ்லாம் டங்க் போட்டியில் மைக்கேல் ஜோர்டன், பலகையிலிருந்து 4.57 மீட்டர் தள்ளியிருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே எழும்பிப் பந்தைக் கூடைக்குள் அழுத்திய காட்சியைப் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டு நொடியாவது மிதந்திருப்பார் என்று சத்தியம் செய்யத் தோன்றும். இரண்டு நொடி மிதக்க வேண்டுமானால் 4.9 மீட்டர் எழும்ப வேண்டும். கூடையின் வளையமே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் கண் பொய் சொல்கிறதா? முழுப் பொய் இல்லை. எம்பியவரின் வேகம் உச்சிக்கு அருகில் மிகக் குறைவு. அதனால் காற்றில் இருக்கும் நேரத்தில் சரிபாதியை அவர் உயரத்தின் மேல் கால் பங்கிலேயே கழிக்கிறார். மேல் பாதியைக் கணக்கெடுத்தால் 71 விழுக்காடு நேரம் அங்கேதான். தரைக்கு அருகே விரைந்து கடந்துவிடுகிறார், உச்சியில் தங்குகிறார். கூடவே, உச்சியை நெருங்கும்போது கால்களை மடக்கி மேலே இழுத்தால் நிறை மையம் உடலுக்குள் சற்று மேலே நகர்கிறது. நிறை மையம் தன் வளைகோட்டில் போய்க்கொண்டிருக்க, தலையும் தோளும் சில கணம் ஒரே மட்டத்தில் நகர்கின்றன. பாலே நடனத்தில் கால்களை விரித்துத் தாவுபவர்கள் மிதப்பது போலத் தெரிவதும் இதனால்தான். நாம் பார்ப்பது தலையை. ஈர்ப்பு கணக்கு வைப்பது நிறை மையத்தை.

சுவர், ரப்பர்க் குழாய், பாய்

எம்பு உயரத்தை அளக்கும் பழைய வழி நம் பள்ளி மைதானங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சுவரையொட்டி நின்று கையை உயர்த்தி, விரல் எட்டும் இடத்தில் ஒரு கோடு. விரலில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொண்டு எம்பி, உச்சியில் சுவரைத் தொட்டு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே டேப் வைத்து அளப்பது. இந்தச் சோதனை டட்லி ஆலன் சார்ஜன்ட் பெயரால் வழங்குகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தை 1879 முதல் 40 ஆண்டு நடத்தியவர் அவர். ஒரு மனிதனின் உடல்திறனைச் சோதிக்க எம்பிக் குதிக்கச் சொன்னாலே போதும் என்று 1921இல் எழுதினார். அமெரிக்கக் கூடைப்பந்து, கால்பந்துத் தேர்வு முகாம்களில் சுவருக்குப் பதில் ஒரு கம்பம் நிற்கிறது. அதில் அரை அங்குல இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டைகள் அடுக்கியிருக்கும். எட்டிய பட்டை விலகி நிற்கும். எளிய, நேர்மையான கருவி. ஆனால் முதல் கோடு போடும்போது தோளை முழுதாக உயர்த்தாமல் நின்றால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இனாமாகக் கிடைத்துவிடும். உச்சிக்குச் சற்று முன்போ பின்போ சுவரைத் தொட்டால் கைக்கு எட்டியது நழுவும்.

படம்பிடித்து அளக்கும் வழி பிரான்சில் தொடங்கியது. பாரிஸில் 1880களில் எத்தியேன் ஜூல் மாரே என்ற உடலியங்கியலாளர், மனிதரும் விலங்கும் அசைவதை ஒரே தகட்டில் அடுத்தடுத்த படங்களாகப் பதிவுசெய்யும் முறையை உருவாக்கினார். ஒருவருக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு உடை அணிவித்து, கை கால்களின் நீளத்துக்கு வெள்ளைப் பட்டைகளையும் மூட்டுகளில் புள்ளிகளையும் வைத்து, கறுப்புப் பின்னணிக்கு முன்னால் ஓடவும் குதிக்கவும் செய்தார். தகட்டில் ஆள் மறைந்துபோய் அசைவின் கோடுகள் மட்டும் பதிந்தன. இன்றைய திரைப்பட ஸ்டூடியோக்களில் நடிகர் உடலில் புள்ளிகளை ஒட்டி அசைவைப் பதிவுசெய்கிறார்களே, அதன் மூதாதை இதுதான். மாரேயும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் தெமெனியும் அதோடு நிற்கவில்லை. காற்று நிரம்பிய ரப்பர்க் குழாய்களை உள்ளே வைத்த ஒரு மேடையைச் செய்து, குதிப்பவர் அதை மிதிக்கும் விசையை வரைகோடாகப் பதிந்தார்கள். குதித்தலின் இயக்கம் பற்றி 1885இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் கட்டுரை கொடுத்தார்கள். ஒரே குதிக்குப் படமும் விசையும் சேர்ந்து கிடைத்தது அங்கேதான். இன்றைய ஆய்வகங்களில் தரையோடு தரையாகப் பதித்திருக்கும் விசைத்தட்டுகளுக்கு அந்த ரப்பர் மேடைதான் முன்னோடி.

விசைத்தட்டு விலை அதிகம். அந்தக் காலத்தில் அதை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. இத்தாலியரான கார்மெலோ போஸ்கோ, பின்லாந்து ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 1983இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். மிதித்தால் மின்சுற்று மூடும், கால் எடுத்தால் திறக்கும் ஒரு பாய். அதோடு இணைந்த ஒரு மின்னணுக் கடிகாரம். பாய்க்கு விசை தெரியாது, உயரம் தெரியாது. கால் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு தகவலைக்கொண்டு உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் எம்பு உயரத்தைக் கணக்கிடத் தொடங்கினார்கள். பாய் சொல்வதைக் கேமராவும் சொல்லும் என்பது அடுத்த அடி. ஆனால் சாதாரணக் கேமராவின் கடிகாரம் இந்த வேலைக்கு மிக மந்தமாக இருந்தது.

ஒரு ஃபிரேமின் விலை

நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கேமராவில் ஒரு குதியைப் பிடிக்கிறோம். கால் தரையை விட்டது தெரியும் முதல் ஃபிரேமிலிருந்து, கால் மறுபடி தரையைத் தொட்டது தெரியும் முதல் ஃபிரேம் வரை எண்ணினால் 18. அதாவது 0.6 நொடி, உயரம் 44.1 சென்டிமீட்டர். எண்ணிக்கை 17 ஆக இருந்திருந்தால் 39.4. 19 ஆக இருந்திருந்தால் 49.2. நடுவே எதுவும் கிடையாது. இந்தக் கேமராவைப் பொறுத்தவரை 41 சென்டிமீட்டர் என்று ஓர் உயரமே உலகில் இல்லை. பல வாரம் கடுமையாகப் பயிற்சி செய்து 2 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்ட ஒரு வாலிபால் வீராங்கனைக்கு இந்தக் கேமரா ‘மாற்றம் இல்லை’ என்று சொல்லலாம். வெறுமனே ஃபிரேம் விழுந்த இடத்தைப் பொறுத்து ‘5 சென்டிமீட்டர் கூடிவிட்டது’ என்றும் சொல்லலாம். இரண்டுமே அவருக்கு இழைக்கும் அநியாயம்.

நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் இந்தப் படிக்கட்டின் ஒரு படி இரண்டரை சென்டிமீட்டர். 120 என்றால் 1.2, 240 என்றால் 6 மில்லிமீட்டர். கைபேசிகளில் 120, 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் வந்தது இந்தத் துறையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஸ்பெயின் நாட்டு விளையாட்டு அறிவியலாளர் கார்லோஸ் பல்சலோப்ரே-பெர்னாண்டஸ் ‘மை ஜம்ப்’ என்ற செயலியை உருவாக்கி, 2015இல் அதன் சோதனையை வெளியிட்டார். 20 பேர் ஆளுக்கு 5 முறை விசைத்தட்டின்மேல் எம்பினார்கள். நொடிக்கு 120 ஃபிரேம் எடுக்கும் ஐபோன் ஒன்று அதே குதிகளைப் பதிந்தது. இரண்டு அளவுகளுக்கும் இடையே சராசரியாக வந்த வேறுபாடு 1 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியது. பல லட்சம் ரூபாய்க் கருவிக்குப் பக்கத்தில் சட்டைப்பையில் இருக்கும் ஒன்று இவ்வளவு நெருங்கி வந்தது, வசதியில்லாத ஊர்களில் பயிற்சி தருபவர்களுக்குப் பெரிய செய்தி என்று நான் கருதுகிறேன்.

எந்த இரண்டு ஃபிரேம்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. கால் உண்மையாகவே தரையை விட்ட கணம், எப்போதும் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். ‘காற்றில் தெரியும் முதல் ஃபிரேம்’ என்று எடுத்தால், உண்மையான கணத்துக்குச் சராசரியாக அரை ஃபிரேம் தாமதமாக எண்ணத் தொடங்குகிறோம். ‘தரையைத் தொட்டுத் தெரியும் முதல் ஃபிரேம்’ என்று முடித்தால், அங்கேயும் சராசரியாக அரை ஃபிரேம் தாமதம். இரண்டு தாமதங்களும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பல குதிகளின் சராசரியை எடுத்தால் விடை உண்மையை நெருங்கும். மாறாக, ‘தரையில் தெரியும் கடைசி ஃபிரேமிலிருந்து’ எண்ணத் தொடங்கினால், ஒவ்வொரு குதியிலும் சராசரியாக ஒரு முழு ஃபிரேம் கூடுதலாகச் சேரும். எத்தனை முறை குதிக்கச் செய்தாலும் அந்தப் பிழை கரையாது. ஒரே பக்கமாகச் சாய்ந்த தராசில் நூறு முறை நிறுத்தாலும் எடை சரியாகாது அல்லவா.

நிலவுக் குதியை இங்கே ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். பழைய தொலைக்காட்சிக் காட்சியில் ஒரு ஃபிரேம், ஒரு நொடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அந்த ஒரு ஃபிரேம் பிசகினால் யங்கின் 42 சென்டிமீட்டரில் 2 சென்டிமீட்டர்தான் மாறும். பூமியில் அதே 42 சென்டிமீட்டர் குதியில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் மாறும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் எல்லாம் மெதுவாக நடக்கிறது. மந்தமான கடிகாரமும் அங்கே போதுமானதாகிவிடுகிறது.

காலை மடக்கி இறங்குபவர்

நேரத்தைச் சரியாக எண்ணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தவறான உயரம் வரலாம். ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் சமம் என்று எடுத்துக்கொண்டபோது ஒரு நிபந்தனை வைத்தோம்: தரையை விடும்போதும் தொடும்போதும் நிறை மையம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தரையை விடும்போது எல்லோருக்கும் முழங்கால் நீண்டு, குதிகால் உயர்ந்து, பெருவிரல் நுனிதான் கடைசியாக மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். இறங்கும்போதும் அப்படியே நீட்டிய காலோடு, முன்பாதத்தால் தரையைத் தொட்டால் கணக்கு பொருந்தும். முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் பாதம் தரையை எட்டக் கூடுதல் நேரம் ஆகும். கடிகாரம் அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

உண்மையில் 40 சென்டிமீட்டர் எம்பிய ஒருவர், புறப்பட்ட நிலையைவிட 5 சென்டிமீட்டர் தாழ்ந்து இறங்கினால் கணக்கில் 42.5 வரும். தாழ்ந்ததில் பாதி, உயரமாக மாறிவிடுகிறது. 20 சென்டிமீட்டர் தாழ்ந்து, காலை நன்றாக மடக்கி இறங்கினால் கணக்கு 49.5 காட்டும். பாய்க்கு இது தெரிய வழியே இல்லை. கேமராவுக்கு இங்கே ஓர் அருமையான அனுகூலம் இருக்கிறது. நேரம் கேட்ட அதே ஒளிப்பதிவில் முழங்காலையும் பார்க்கலாம். புறப்படும் ஃபிரேமையும் இறங்கும் ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடுப்பின் மட்டத்தை ஒப்பிட்டால் போதும். மடங்கியிருந்தால் அந்தக் குதியைக் கழித்துவிட்டு மறுபடி குதிக்கச் சொல்ல வேண்டியதுதான். இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. களைத்த உடல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள இயல்பாகவே முழங்காலை மடக்கும். பயிற்சியின் முடிவில் அளந்தால் ஒருவர் களைப்பாலேயே ‘அதிக உயரம்’ எம்பியதாகத் தெரியக்கூடும்.

இணையத்தில் பெட்டிமேல் தாவும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து 1.6 மீட்டருக்கும் உயரமான மேடைமேல் தாவியவர்கள் இருக்கிறார்கள். பிரமிக்க வைக்கும் திறமை அது. ஆனால் அங்கே நிறை மையம் 1.6 மீட்டர் எழும்பவில்லை. முழங்கால் மார்பை முட்டும் அளவுக்குக் காலை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். அது எம்பலும் இடுப்பின் நெகிழ்வும் சேர்ந்த இன்னொரு வித்தை.

பூச்சியம் எங்கே?

ஒரே பையன், ஒரே குதி. சுவரில் அளந்த பயிற்சியாளர் 55 என்கிறார்; ஒளிப்பதிவில் எண்ணியவர் 44 என்கிறார். இருவரும் கவனமாகத்தான் அளந்தார்கள், இருவரும் சரி. சுவரில் முதல் கோடு போட்டபோது பையன் பாதம் முழுதும் தரையில் பதிய நின்றான். அவனுக்கு அங்கே பூச்சியம். ஒளிப்பதிவின் கடிகாரம் தொடங்குவது பெருவிரல் நுனி தரையை விட்ட பிறகு; அதற்குள் குதிகால் உயர்ந்து, கைகள் மேலே போய், நிறை மையம் ஏற்கெனவே 10 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறிவிட்டது. அந்த ஏற்றம் சுவருக்குத் தெரியும், கடிகாரத்துக்குத் தெரியாது. 2005இல் அமெரிக்கக் கால்பந்துத் தேர்வு முகாமில் ஜெரால்ட் சென்சபா எம்பிய 46 அங்குலம், அதாவது ஏறக்குறைய 117 சென்டிமீட்டர், கம்பத்தில் தொட்டு அளந்த எண். அதை எந்தக் கைபேசிச் செயலி தரும் எண்ணோடும் நேராக ஒப்பிடக் கூடாது.

கையும் இப்படித்தான். கைகளை வீசி எம்பினால் உயரம் கணிசமாகக் கூடும். கால்களின் திறனை மட்டும் அறிய விரும்புபவர்கள் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆடவர் வாலிபால் வலையின் மேல்விளிம்பு 2.43 மீட்டர், மகளிருக்கு 2.24 மீட்டர். வலைக்கு மேலே கை எவ்வளவு தெரிகிறது என்பதே கேள்வியானால், ஓடிவந்து கைவீசி எம்பச் செய்து, எட்டிய உயரத்தை நேராக அளப்பதுதான் பொருத்தம். இடுப்பில் கை வைத்த குதி, கால் தசைகளின் நாளுக்கு நாள் மாற்றத்தைக் காட்டுவதற்கு. இரண்டு கேள்விகளுக்கு ஒரே எண்ணைப் பதிலாக எழுதும்போதுதான் சண்டை வருகிறது.

ஈர்ப்பே அளவுகோல்

படத்திலேயே நேராக உயரத்தை அளந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இடுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளியை ஒட்டி, அது திரையில் எத்தனை பிக்சல் ஏறியது என்று பார்த்து, பக்கத்தில் நிறுத்திய ஒரு மீட்டர் குச்சியோடு ஒப்பிடலாம். கினோவியா, டிராக்கர் போன்ற இலவச மென்பொருள்கள் இதை எளிதாகச் செய்கின்றன. இங்கே ஆபத்து ஆழத்தில் இருக்கிறது. கேமரா குதிப்பவரிடமிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்க, குச்சி அவருக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் நின்றால், குச்சி சிறிதாகத் தெரியும், குதி 10 விழுக்காடு பெரிதாகிவிடும். 60 சென்டிமீட்டர் 66 ஆகும். கேமராவை 10 மீட்டர் பின்னால் கொண்டுபோய் ஜூம் செய்தால் அதே பிழை 3 விழுக்காட்டுக்கு இறங்கும். குச்சியைக் குதிப்பவரின் பாதத்துக்கு நேர் பக்கத்தில் வைத்தால் பிழையே இல்லை. தூரம் தள்ளி நின்று எடுப்பது எப்போதும் நல்லது.

குச்சியே இல்லாத பழைய காட்சி என்றால்? எனக்கு மிகவும் பிடித்த வழி இது. குதித்தவர் காற்றில் இருக்கும்போது அவர் உடல் பூமியின் ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்பட்டிருக்கிறது. அந்த ஈர்ப்பின் அளவு நமக்குத் தெரியும். இடுப்புப் புள்ளியின் இடத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் குறித்தால் ஒரு பரவளையம் கிடைக்கும். அதிலிருந்து புள்ளியின் வேகம் நொடிக்கு எத்தனை பிக்சல் வீதம் மாறுகிறது என்று கணக்கிடலாம். ஒவ்வொரு நொடியும் 2000 பிக்சல் மாறுகிறது என்று வந்தால், 2000 பிக்சலும் 9.81 மீட்டரும் ஒன்று. ஒரு மீட்டருக்கு 204 பிக்சல். புள்ளி 90 பிக்சல் ஏறியிருந்தால் குதி 44 சென்டிமீட்டர். அளவுகோல் காட்சிக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இதைத் திருப்பியும் போடலாம். ஆளின் உயரம் தெரிந்து, காட்சி எந்த வேகத்தில் ஓட்டப்பட்டது என்று தெரியாவிட்டால், விழும் வேகமே காட்சியின் உண்மையான ஓட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் மெதுவாக மிதக்கும் நாயகன் மெதுவாக்கப்பட்ட காட்சியில் மிதக்கிறானா என்பதை ஈர்ப்பு சொல்லிவிடும்.

மைதானத்தில்

நேரத்தை எண்ணும் முறைக்குக் கேமராவைத் தரையோடு தரையாக, பக்கவாட்டில் வைக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் காலணிக்கும் தரைக்கும் இடையே ஒளி புகும் முதல் கீற்று தெரியாது. புல்லும் மணலும் பாதத்தின் விளிம்பை விழுங்கிவிடும். சிமென்ட் தரை சிறந்தது. காலணியின் நிறமும் தரையின் நிறமும் ஒன்றாக இருக்கக் கூடாது. வெளிச்சம் தாராளமாக வேண்டும், ஏனென்றால் 44 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பாதம் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒளி குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நீண்ட நேரம் கண் திறந்திருக்கும், பாதம் ஒரு தீற்றலாகப் பதியும். சில கைபேசிகள் இருட்டில் ஃபிரேம் எண்ணிக்கையையே சொல்லாமல் குறைத்துவிடும். நம் ஊர் உள்ளரங்குகளில் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. 240 ஃபிரேம் காட்சியில் அது அலையலையாகத் தெரியும். காலை வெயிலில் வெளியே எடுப்பதே மேல்.

ஸ்லோ மோஷன் கோப்பில் இன்னொரு கவனம் வேண்டும். 240 ஃபிரேமில் எடுத்த காட்சி சாதாரணத் திரையில் 30 ஃபிரேமாக ஓடும்போது, அங்கே தெரியும் நொடிக்கணக்கு எட்டு மடங்கு நீண்டிருக்கும். திரையின் கடிகாரத்தை நம்பாமல் ஃபிரேம்களை எண்ணி, எடுத்த வீதத்தால் வகுக்க வேண்டும். ஒருவரை மூன்று முறையாவது குதிக்கச் சொல்லிச் சராசரி எடுப்பது நல்லது. குறிப்பேட்டில் உயரத்தோடு ஃபிரேம் வீதம், கை வீசினாரா இடுப்பில் வைத்தாரா, காலணி அணிந்திருந்தாரா, பயிற்சிக்கு முன்னா பின்னா என்பதையும் எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

இதுவரை பார்த்தது நின்ற இடத்திலிருந்து எழும்பும் குதி. வாலிபாலிலும் கூடைப்பந்திலும் பெரும்பாலான குதிகள் அப்படி வருவதில்லை. ஒரு குதியிலிருந்து இறங்கிய கால் தரையில் நிற்காமல் அடுத்த குதிக்குக் கிளம்புகிறது. தரையில் அது தங்கும் நேரம் சில வேளை 0.2 நொடி, 240 ஃபிரேம் கேமராவில் 48 ஃபிரேம். அவ்வளவு குறுகிய நேரத்தில் தசைநார் எவ்வளவு ஆற்றலை வாங்கித் திருப்பித் தருகிறது என்பதை அறிய, காற்றில் இருந்த நேரத்தைத் தரையில் இருந்த நேரத்தால் வகுக்கிறார்கள். அதற்கு மூன்று ஃபிரேம்களைக் குறிக்க வேண்டும்: தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. அந்தத் தசைநாரைப் பற்றி அடுத்த அத்தியாயம்.